நாய் திடீரென்று குதிக்க மறுத்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. உட்கார், நில், வா என்று பழக்கிக் கொடுக்கக் கூப்பிடுகிறவர்கள்கூட நான் கிளம்பும் நேரத்தில் வாசலில் நின்று கேட்பது வேறொன்றாக இருக்கும்: “இது ஏன் இப்பல்லாம் கட்டில் மேல ஏற மாட்டேங்குது?” அதையொட்டி வரும் சந்தேகங்களை அவரவர் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்து, அளவு, அறுவை சிகிச்சை என்று வரும் இடங்களில் முடிவு கால்நடை மருத்துவருடையது. வீட்டில் எதைக் கவனிப்பது, அவரிடம் எதைச் சொல்வது என்பதற்குத்தான் இந்தப் பக்கம்.

நேத்து வரைக்கும் நல்லா குதிச்சுது. இன்னிக்கு சோபா முன்னாடி நின்னுக்கிட்டு என்னையே பாக்குது. ஒரே நாள்ல என்ன ஆச்சு?

ஒரு நாய் அன்றாடம் செய்கிற வேலைகளில் குதிப்பதுதான் கடினமானது. நடக்கும்போது பாரத்தை நாலு காலும் பங்கு போட்டுக்கொள்ளும். குதிக்கும்போது பின்னங்கால் இரண்டும் மொத்த உடம்பையும் ஒரே உந்தலில் மேலே தள்ள வேண்டும், முதுகு வளைந்து நிமிர வேண்டும், கண் உயரத்தைக் கணிக்க வேண்டும், இறங்கும்போது முன்னங்கால்கள் அடியை வாங்க வேண்டும். இதில் எது கெட்டாலும் நாய் முதலில் கைவிடுவது குதிப்பதைத்தான். நடையிலும் ஓட்டத்திலும் குறை தெரிவது அதற்கு அப்புறம்.

‘திடீர்’ என்பது பெரும்பாலும் நம் கண்ணுக்கு மட்டும்தான். மூட்டுத் தேய்மானமும் ஜவ்வு நைந்துபோவதும் மாதக்கணக்கில் நடக்கிற விஷயங்கள். அதுவரை நாய் பாரத்தை வேறு காலுக்கு மாற்றிச் சமாளித்து வரும். ஒரு நாள் அது முடியாமல் போகும். கொஞ்சம் யோசிக்கச் சொன்னால் பலருக்கு ஞாபகம் வரும்: ஏறுவதற்கு முன் இரண்டு தடவை பதுங்கிப் பார்த்தது, முன்னங்காலை மட்டும் மேலே வைத்துவிட்டுப் பின்பாதியை இழுத்துக்கொண்டு ஏறியது.

உண்மையிலேயே ஒரே நாளில் வருபவையும் உண்டு. முதுகு டிஸ்க் பிதுங்குவது, முழங்கால் ஜவ்வு முழுதாக அறுவது, சுளுக்கு, நகம் பிளப்பது, விரலிடுக்கில் முள். கடைசி இரண்டையும் நீங்களே பார்த்துவிடலாம். வேறெதையும் யோசிக்கும் முன் நாலு பாதத்தையும் விரித்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

வலின்னா கத்துமே? இது நல்லா சாப்பிடுது, வாலாட்டுது, வாக்கிங்னா முதல் ஆளா வந்து நிக்குது.

திடீரென்று சுருக்கென்று குத்தும் வலிக்குத்தான் நாய் கத்தும். நாள்பட்ட வலிக்குக் கத்தாது, நொண்டாமல்கூட இருக்கும். இரண்டு பின்னங்காலிலும் ஒரே அளவு வலி இருந்தால் எந்தக் காலை நொண்டுவது? நடை ஒரே சீராகத்தான் தெரியும், வேகம் மட்டும் குறையும்.

சாப்பாட்டையும் வாலையும் வைத்து வலி இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அதைவிட இவற்றைப் பாருங்கள்: படுத்து எழும்போது முன்னங்காலை ஊன்றித் தன்னை இழுத்து எழுகிறதா, உட்காரும்போது ஒரு காலை வெளியே நீட்டுகிறதா, மாடிப்படியில் இரண்டு பின்னங்காலையும் சேர்த்து முயல் மாதிரி தாவுகிறதா, ஒரே மூட்டை ஓயாமல் நக்குகிறதா, இடுப்பைத் தொட்டால் திரும்பிப் பார்க்கிறதா. ஒரு பக்கத் தொடை மறு பக்கத்தைவிட மெலிந்திருந்தால் அந்தக் காலை நாய் பல வாரமாகவே முழுதாக ஊன்றவில்லை என்று அர்த்தம். இரண்டு கையாலும் இரண்டு தொடையையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஏற மாட்டேங்குது, ஆனா தூக்கி விட்டா தானா இறங்கிடுது. ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது. என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். ஏறுவது பின்னங்கால், இடுப்பு, கீழ்முதுகின் வேலை. ஏற மட்டும் மறுத்தால் சந்தேகம் அந்தப் பக்கம் போக வேண்டும்: இடுப்பு மூட்டு, முழங்கால், வால் தொடங்கும் இடத்துக்கு மேலே உள்ள முதுகு.

நிற்கும்போதே நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. குதித்து இறங்கும்போது அது பல மடங்கு ஆகும். அதனால் ஏறிவிட்டு இறங்கத் தயங்கி, விளிம்பில் நின்று முனகுகிற நாய்க்கு முழங்கை, தோள், மணிக்கட்டு, கழுத்து இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். கண்ணும் இந்தப் பட்டியலில் உண்டு. அது பின்னால் தனிக் கேள்வியாக வருகிறது.

இது சட்டமில்லை. முதுகு வலி இருக்கும் நாய் இரண்டையும் மறுக்கும். ஆனால் டாக்டரிடம் “குதிக்கறதில்ல” என்று மட்டும் சொல்வதைவிட “ஏறுது, இறங்க மாட்டேங்குது” என்று சொன்னால் அவர் தேடும் இடம் பாதியாகச் சுருங்கும்.

ஒன்பது வயசாச்சு. வயசானா இப்படித்தானே இருக்கும்?

வயது ஒரு நோய் இல்லை. வயதான நாய் குதிக்க மறுத்தால் பெரும்பாலும் காரணம் மூட்டுத் தேய்மானம். அதற்கு வைத்தியம் இருக்கிறது. குருத்தெலும்பு தேய்ந்த மூட்டைப் பழையபடி ஆக்க முடியாது என்பது உண்மை. வலியைக் குறைக்க முடியும், தசையைக் காப்பாற்ற முடியும். “வயசாயிடுச்சு” என்று விட்டுவிட்டால் நாய் அசைவதைக் குறைக்கும், தசை கரையும், எடை கூடும், மூட்டுக்குச் சுமை இன்னும் ஏறும்.

தேய்மான வலிக்கு ஒரு அடையாளம் உண்டு. தூங்கி எழுந்ததும் விறைப்பாக இருக்கும், கொஞ்சம் நடந்ததும் இளகும், அளவுக்கு மீறி ஓடிய மறுநாள் மறுபடி மோசமாகும். குளிரில் கூடும். உங்கள் நாயிடம் இந்தப் போக்கு இருந்தால் தேதியோடு குறித்து வையுங்கள்.

வயதான பெரிய நாயிடம் ஒரே காலில் நொண்டல், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் வலி, எலும்பின் மேல் கெட்டியான வீக்கம் என்று பார்த்தால் தேய்மானம் என்று நினைத்து உட்கார்ந்திருக்க வேண்டாம். எலும்புப் புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கும்.

எங்களோடது ஒரு வயசுகூட ஆகல. குட்டிக்கு மூட்டு வலி வருமா?

வரும். வேர் வேறாக இருக்கும், அவ்வளவுதான். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர் போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டின் பந்தும் கிண்ணமும் சரியாகப் பொருந்தாமல் வளர்வது உண்டு. அந்தத் தளர்வு 5, 6 மாதத்திலேயே வலி கொடுக்க ஆரம்பிக்கலாம். முழங்கை மூட்டிலும் இதே மாதிரி வளர்ச்சிக் குறை வரும்; அப்போது குட்டி முன்பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நிற்கும்.

5 முதல் 18 மாதம் வரையுள்ள பெரிய இனக் குட்டி இந்த வாரம் ஒரு காலையும் அடுத்த வாரம் வேறு காலையும் நொண்டினால், நீண்ட எலும்புகளின் உள்ளே வரும் பனோஸ்டைட்டிஸ் என்ற அழற்சியாக இருக்கலாம். வலி கடுமையாக இருக்கும், ஆனால் வளர வளரத் தானே போய்விடும். அதுவரை வலிக்கு மருந்து வேண்டும்.

பெரிய இனக் குட்டிகளின் எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடவே ஒன்றரை வயது வரை ஆகலாம். அதுவரை உயரத்திலிருந்து திரும்பத் திரும்பக் குதிக்கவிட்டு வேடிக்கை பார்ப்பதை நான் எந்த வீட்டிலும் ஊக்குவிப்பதில்லை.

சின்ன நாய். நடக்கும்போது நடுவுல ஒரு காலைத் தூக்கிட்டு ரெண்டு எட்டு தத்துது, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. நடிக்குதா?

நடிப்பில்லை. பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷையர் டெரியர் போன்ற சின்ன இனங்களில் முழங்காலின் சில்லு தன் பள்ளத்தை விட்டு உட்பக்கமாக நழுவும். நழுவும்போது கால் மடங்கியபடி நிற்கும், அது திரும்பிச் சரியான இடத்தில் உட்கார்ந்ததும் நடை சரியாகிவிடும். இதை நாலு படிநிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் எடையையும் தசையையும் பார்த்துக்கொண்டாலே போதுமானதாக இருக்கலாம். மேல் நிலைகளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். பல வருடம் தத்தித் தத்தி ஓடிய நாய் திடீரென்று குதிப்பதையே நிறுத்தினால் அதே முழங்காலின் ஜவ்வும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

பந்து விளையாடும்போது ஒரு தடவை கத்திட்டுக் காலைத் தூக்கிடுச்சு. அப்ப இருந்து குதிக்கறதில்ல. சுளுக்குதானே, ரெண்டு நாள்ல சரியாயிடும்?

சுளுக்காக இருந்தால் ஆகிவிடும். ஆனால் பின்னங்கால் என்றால் முழங்காலின் சிலுவை ஜவ்வைக் கண்டிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். நடுத்தர, பெரிய நாய்களின் பின்னங்கால் நொண்டலுக்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று அது. விளையாட்டு வீரருக்கு ஒரே அடியில் அறுவது போல இல்லாமல் நாய்க்கு இந்த ஜவ்வு நார் நாராக நைந்துகொண்டே வரும். பந்துக்காகத் திரும்பிய அந்த ஒரு திருப்பம் கடைசி நாரை அறுத்திருக்கும், அவ்வளவுதான். பாதி அறுந்த நிலையில் ஓய்வெடுத்தால் நொண்டல் குறையும், விளையாடினால் திரும்ப வரும். ‘சரியாயிடுச்சு’, ‘மறுபடியும் வந்துடுச்சு’ என்று மாறி மாறி இரண்டு மாதம் ஓட்டும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

வீட்டில் ஒரு அடையாளம் பார்க்கலாம். பின்னங்கால் இரண்டையும் மடக்கி நேராக உட்காராமல், அடிபட்ட காலைப் பக்கவாட்டில் நீட்டி உட்காரும். உறுதி செய்வது டாக்டரின் கை. தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு கீழ் எலும்பை முன்னே தள்ளிப் பார்ப்பார். நழுவினால் ஜவ்வு அறுந்துவிட்டது என்று அர்த்தம். பெரிய நாய்களுக்குக் கீழ்க்கால் எலும்பின் மேல்பரப்பை அறுத்துச் சரிவை மாற்றித் தகடு வைக்கும் அறுவை சிகிச்சை பரவலாகச் செய்யப்படுகிறது. ஒரு காலில் அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்குப் பின்னாளில் மறு காலிலும் அறுகிறது. ஆகவே நல்ல காலின் மேல் விழும் சுமையையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

டாஷ்ஹண்ட் வெச்சிருக்கேன். ரெண்டு நாளா குதிக்கல, தூக்கினா கத்துது. பொறுத்துப் பாக்கலாமா?

வேண்டாம், இன்றைக்கே போங்கள். டாஷ்ஹண்ட், பிரெஞ்ச் புல்டாக், பீகிள், பெக்கிங்கீஸ், ஷிட்சூ போன்ற இனங்களில் முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தையாக இருக்கும் டிஸ்க் மிகச் சின்ன வயதிலேயே, சிலவற்றில் ஒரு வயதுக்குள்ளேயே, ஈரம் வற்றிக் கெட்டியாக ஆரம்பிக்கும். குட்டைக் காலைத் தரும் மரபணு மாற்றங்களில் ஒன்றே இதற்கும் காரணம் என்று 2017-இல் கண்டுபிடித்தார்கள். கெட்டியான டிஸ்க் வெடித்தால் உள்ளிருப்பது மேலே தண்டுவடத்தின் மீது அழுத்தும். 3 முதல் 7 வயதுக்குள்தான் இது அதிகம் நடக்கிறது. சோபாவிலிருந்து குதித்ததால் வந்தது என்று வீட்டில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். குதித்தது கடைசிச் சாக்கு மட்டுமே. டிஸ்க் அதற்கு வெகு முன்பே கெட்டுவிட்டது.

இதில் படிகள் உண்டு. முதலில் வலி மட்டும்: முதுகு வளைந்து, வயிறு இறுகி, நடுங்கிக்கொண்டு, தலையைக் குனிய மறுக்கும். அடுத்தது தள்ளாட்டம், பின்னங்கால் பின்னிக்கொள்வது. அதற்கடுத்து நிற்க முடியாமல் போவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது. கடைசியில் விரலை இறுக்கிக் கிள்ளினாலும் உணர்வே இல்லாமல் போவது. ஆழ்ந்த உணர்வு இருக்கும்போது அறுவை சிகிச்சை செய்த நாய்களில் பெரும்பாலானவை மறுபடி நடக்கின்றன; உணர்வு போன பிறகு செய்தால் சுமார் பாதிதான். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குச் சில மணி நேரத்திலேயே இறங்கிவிடலாம். பொறுத்துப் பார்க்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வலி மட்டும் இருக்கும் நிலையில் பல நாய்கள் மருந்தோடும் கடுமையான ஓய்வோடும் தேறிவிடும். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியிலும் மறு கை பின்பாதிக்கு அடியிலும் இருக்க வேண்டும், முதுகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அக்குளில் கை கொடுத்துக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கினால் கீழ்ப்பாதி தொங்கும். கத்துவது அதற்காகவும் இருக்கலாம்.

சரி, எப்ப உடனே ஓடணும், எப்ப நாளைக்குப் போனா போதும்?

பின்னங்கால் தள்ளாடுவது, பாதத்தை மடித்து மேல்பக்கம் தரையில் உரச நடப்பது, சிறுநீர் போக முடியாமல் இருப்பது, காலைத் தரையில் வைக்கவே முடியாமல் இருப்பது, விடாமல் நடுங்குவது, ஈறு வெளுத்திருப்பது: இவற்றில் எது இருந்தாலும் இரவானாலும் கிளம்புங்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டிருந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது கால் பிரச்சினையே இல்லை, ஆனால் அந்த நாயும் குதிக்காது. அங்கே மணிக்கணக்குகூடக் கிடையாது.

நடக்கிறது, சாப்பிடுகிறது, குதிக்க மட்டும் தயங்குகிறது என்றால் ஓரிரு நாள் குதிக்க விடாமல் வைத்துப் பார்க்கலாம். அதற்குள் தெளியாவிட்டால், அல்லது தெளிந்து திரும்ப வந்தால், காட்டிவிடுங்கள். முந்தைய கேள்வியில் சொன்ன இனங்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

இதுக்கு நடுவுல நாம போடுற வலி மாத்திரைல கால்வாசி குடுக்கலாமா?

கூடாது. ஐபுபுரூபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாய்க்கு இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் கொண்டுவரும். பாரசிட்டமால் அளவு தவறினால் கல்லீரலைக் கெடுக்கும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இன்று நீங்கள் கொடுத்த மாத்திரையால், நாளைக்கு டாக்டர் தர நினைக்கும் மருந்தைச் சில நாள் தள்ளிப்போட வேண்டி வரும். ஸ்டீராய்டும் இந்த வகை வலி மருந்தும் ஒன்றாகப் போகவே கூடாது. கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் பெயர், அளவு, நேரம் மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

பகல்ல குதிக்குது, ராத்திரி மாட்டேங்குது. காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

கண்ணைப் பாருங்கள். விழித்திரை மெல்லச் சிதையும் பரம்பரை நோயில் முதலில் போவது மங்கிய வெளிச்சத்துப் பார்வைதான். நாய்க்கு வீட்டின் வரைபடம் மனப்பாடம், அதனால் நடப்பதில் தெரியாது. உயரத்தைக் கணிக்க வேண்டிய இடத்தில், முக்கியமாக இறங்கும்போது, மாட்டிக்கொள்ளும். கண்புரையும் இதே தயக்கத்தைத் தரும். சர்க்கரை நோய் உள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்புரை வரும், அதுவும் வேகமாக. நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் போகும் நாய் குதிப்பதை நிறுத்தினால் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு பஞ்சு உருண்டையைச் சத்தமில்லாமல் அதன் முன்னால் விடுங்கள். கண் அதைத் தொடர்கிறதா? வெளிச்சத்தில் ஒரு முறை, மங்கலில் ஒரு முறை. வயதான நாய்களின் கண்மணியில் தெரியும் நீலச் சாயல் எல்லாமே புரை இல்லை. லென்ஸ் கெட்டிப்படுவதால் வரும் அந்த மங்கல் பார்வையைப் பெரிதாகக் கெடுக்காது. இரண்டையும் பிரித்துச் சொல்ல டாக்டர் வேண்டும்.

குதிக்கறது மட்டும் இல்ல, எதுலயும் ஆர்வமே இல்ல. இதுவும் மூட்டுதானா?

அப்படியானால் மூட்டோடு நிறுத்த வேண்டாம். உண்ணி பரப்பும் நோய்கள் காய்ச்சலோடு பல மூட்டுகளில் ஒரே நேரத்தில் வலியைக் கொண்டுவரும். நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. நம் கைக்கு எப்போதுமே சூடாகத்தான் தெரியும், தெர்மாமீட்டர்தான் சொல்லும். கணைய அழற்சியில் வயிற்று வலியால் முன்பாதியைத் தாழ்த்திப் பின்பாதியை உயர்த்தி நிற்கும். இதய நோய், ரத்தசோகை, தைராய்டு குறைவு எல்லாமே நாயைச் சோர்வாக்கும். இங்கே எக்ஸ்ரேக்கு முன் ரத்தப் பரிசோதனை வரும்.

வால் தொங்கிப்போச்சு, உட்காரவும் மாட்டேங்குது, குதிக்கவும் மாட்டேங்குது. நேத்து நீச்சல் அடிச்சுது, அவ்வளவுதான்.

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் நெடுநேரம் நீந்திய பிறகு லாப்ரடார், பாயின்டர் போன்ற நாய்களுக்கு வாலடித் தசை பிடித்துக்கொண்டு வால் செத்தது போல் தொங்கும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சில நாட்களில் சரியாகும். வாலில் அடிபட்டதில்லை, மலவாய்ச் சுரப்பிகள் கட்டிக்கொள்ளவில்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா ஜம்முனு நடக்குது! நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடுது.

பதற்றத்தில் உடம்பு வலியை மறைத்துவிடும். அதனால் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். பக்கவாட்டில் நடப்பது, நம்மை நோக்கி வருவது, விலகிப் போவது, படுத்து எழுவது, சோபா முன் தயங்குவது: ஒவ்வொன்றும் 10 விநாடி போதும். ஸ்லோ மோஷனில் எடுத்தால் இன்னும் நல்லது. நடக்கும்போது தலையைப் பாருங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தாழும். டாக்டருக்குக் காட்டும் முன்பே வலிக்கும் கால் எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அப்ப வலி இல்லைன்னுதானே அர்த்தம்?

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். குருத்தெலும்பு, ஜவ்வு, தசை, டிஸ்க்கின் உள்ளே இருப்பது, நரம்பு இவை நேராகத் தெரியாது. ஜவ்வு அறுந்தால் முழங்காலில் சேரும் நீரை வைத்து ஊகிக்கலாம். டிஸ்க் என்றால் எம்ஆர்ஐ அல்லது சிடி வேண்டும். இடுப்பின் உள்பக்கம் ஓடி, தொடையை முன்னே இழுக்கும் ஒரு தசை சுளுக்கினால் எக்ஸ்ரே சுத்தமாக வரும். கையால் அழுத்தினால்தான் நாய் துள்ளும். ஓடியாடும் நாய்களில் இது அடிக்கடி தவறிப்போகிற இடம்.

நேர்மாறும் உண்டு. எக்ஸ்ரேயில் இடுப்பு பயங்கரமாகத் தெரியும், நாய் சுகமாக ஓடும். படம் எவ்வளவு மோசமோ அவ்வளவு வலி என்று கணக்கு கிடையாது. படம் சுத்தமாக இருந்தும் தயக்கம் தொடர்ந்தால், சில வாரம் வலி மருந்து கொடுத்து நடத்தை மாறுகிறதா என்று பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

இது வலியா, இல்ல பயமா? ஒரு தடவை டைல்ஸ்ல வழுக்கி விழுந்துச்சு, அதுக்கப்புறம்தான் இப்படி.

பயத்துக்கு முகவரி உண்டு. அந்த அறை, அந்த சோபா, அந்த வழவழப்பான தரை என்று குறிப்பிட்ட இடத்தில் மறுக்கும். வேறிடத்தில் அதே உயரத்தைத் தாண்டும். வலி இடம் பார்க்காது. ஏறும் இடத்தில் வழுக்காத விரிப்பு போட்டுப் பாருங்கள். உடனே ஏறினால் பிரச்சினை பிடிமானத்தில் இருந்தது. விரிப்பு போட்டும், தின்பண்டம் காட்டியும், உடல் முன்னே சாய்ந்து பின்வாங்கினால் எனக்கு வலி என்றுதான் தோன்றும்.

இரண்டும் கலந்திருப்பதுதான் அதிகம். லேசாக வலித்த காலால் பிடிமானம் தவறி, வழுக்கி, அந்த நினைவு ஒட்டிக்கொள்ளும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் வலியைத் தேடித் தீர்த்துவிடுங்கள், பயத்தை அப்புறம் பழக்கித் தீர்க்கலாம். வலியோடு இருக்கும் நாயைக் கொஞ்சிக் கெஞ்சிக் குதிக்க வைப்பது பயிற்சி ஆகாது.

எடை கொஞ்சம் ஜாஸ்திதான். அது அவ்வளவு பெரிய விஷயமா?

மருந்தைவிடப் பெரிய விஷயம். 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. அவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை பொதுவாகக் கிட்டத்தட்ட 1.8 வருடம் அதிகம் வாழ்ந்தன. மூட்டு வலிக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான்.

விரலால் லேசாகத் தடவினால் விலா எலும்புகள் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வேளா வேளைக்குப் போடும் சாப்பாட்டைவிட நடுவில் போகும் தின்பண்டங்களை முதலில் எண்ணுங்கள்.

சாய்தளம் வாங்கிப் போட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. காசு வீண்.

பெரும்பாலும் சரிவு அதிகமாக இருக்கும். வீட்டுச் சோபா 45 செ.மீ. உயரம் என்றால் 20 டிகிரி சரிவுக்குச் சுமார் 1.3 மீட்டர் நீளப் பலகை வேண்டும். காரின் பின்கதவு 75 செ.மீ. என்றால் 2.2 மீட்டர். கடையில் கிடைப்பவை பலவும் இதைவிடக் குட்டை. மேற்பரப்பு வழுக்கினாலோ பலகை ஆடினாலோ நாய் மறுபடி வராது.

முதலில் பலகையைத் தரையிலேயே தட்டையாகப் போட்டு அதன் மேல் நடக்க வையுங்கள். அது சாதாரணமான பிறகு ஒரு முனையை ஒரு புத்தக உயரம் தூக்குங்கள். இப்படிச் சில நாள் எடுத்துக்கொண்டால் சோபா உயரத்தை எட்டிவிடலாம். படிகள் வாங்குவதானால் அகலமும் ஆழமும் உள்ளவை; நீள முதுகு நாய்களுக்குப் படியைவிடச் சாய்தளம்தான் என் தேர்வு.

ஓய்வுன்னு சொன்னா எவ்வளவு ஓய்வு? வீட்டுக்குள்ள விட்டா போதுமா?

டிஸ்க் பிரச்சினைக்குச் சொல்லும் ஓய்வு கூண்டு ஓய்வு. திரும்பவும் நீட்டிப் படுக்கவும் இடமுள்ள கூண்டில் 4 வாரம் அல்லது அதற்கு மேல், சிறுநீர் மலத்துக்கு மட்டும் கயிற்றில் கட்டி வெளியே. கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். மூட்டுத் தேய்மானத்துக்கு இது நேர் எதிர்: அங்கே முழு ஓய்வு கெடுதல். தினமும் ஒரே அளவில் குட்டி குட்டி நடைகள், வாய்ப்பிருந்தால் நீச்சல் சிகிச்சை. வாரம் முழுக்கப் படுக்க வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மணிக்கணக்கில் ஓடவிடுவதுதான் மோசம். ஆகவே “ஓய்வு” என்று டாக்டர் சொன்னால் எந்த ஓய்வு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மூட்டுக்கு குளுக்கோசமின், மீன் எண்ணெய் எல்லாம் குடுக்கலாமா? மாசம் ஒரு ஊசி இருக்காமே?

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்புக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது; குளுக்கோசமினுக்கு ஆதாரம் பலவீனம். கொடுத்தே தீருவேன் என்றால் தடுக்க மாட்டேன், ஆனால் அதை நம்பி வலி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாத ஊசி என்பது பெடின்வெட்மாப். வலிச் சமிக்ஞையைத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் அது. ஐரோப்பாவில் 2020-இலும் அமெரிக்காவில் 2023-இலும் அனுமதி பெற்றது. பல நாய்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. தள்ளாட்டம், வலிப்பு போன்ற பக்கவிளைவுகள் பதிவாகியிருப்பதாக 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவர்களை எச்சரித்தது. ஏற்கெனவே நரம்புக் கோளாறு இருக்கும் நாய் என்றால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மாத்திரை ஆரம்பிச்சு நாலாவது நாளே கட்டில் மேல குதிச்சுடுச்சு. நிறுத்திடலாமா?

குதித்ததால் தெரிவது ஒன்றுதான்: தயக்கத்துக்குக் காரணம் வலி, மருந்து அதைக் குறைக்கிறது. அறுந்த ஜவ்வு அறுந்தபடியே இருக்கிறது, பிதுங்கிய டிஸ்க் இன்னும் ஆறவில்லை. டிஸ்க் நாய்க்கு இந்த நாலாவது நாள்தான் ஆபத்தான நாள். வலி தெரியாத நாய் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளாது. கட்டிலைச் சுற்றித் தடுப்பு வையுங்கள், சோபா மேல் நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள்.

மருந்தை நிறுத்துவது, குறைப்பது இரண்டும் டாக்டர் சொல்லித்தான். தேய்மானத்துக்குப் பல மாதம் தொடர வேண்டியிருந்தால் கல்லீரல், சிறுநீரகத்துக்கு இடையிடையே ரத்தப் பரிசோதனை வேண்டும். வாந்தி, கறுப்பு மலம், சாப்பாட்டில் விருப்பமின்மை என்று எது தெரிந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.